ராணியும் மந்திரியும்



சென்ற ஆண்டு மே மாதத்தில், என்னை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஓர் உயிர் என் கையாலேயே மடிந்தது. தலைப்பைக் கண்டு இஃது ஏதோ அரண்மனைக் கதை என்று எண்ணிவிட வேண்டா. இறந்தது ஒரு தங்கமீன். நடுவிரல் நீளம் இருக்கும். அதற்கு இத்தனை பெரிய முன்னுரையா என்று நகைப்போர் நகைக்கட்டும். அந்தப் பத்து நாட்கள் நான் பட்ட பாட்டை நானும் எங்கள் சமையற்காரரும் மட்டுமே அறிவோம்.

எங்கள் பங்கில் ஐந்தாம் வகுப்பை முடித்திருந்த சிறுமி ஒருத்தி, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகக் கேள்வி கேட்பவள். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு பாட்டி ஊருக்குப் புறப்பட இருந்தவள், முந்திய நாள் மாலை தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தாள். "சாமி, பத்து நாளைக்கு என் மீன்களைப் பார்த்துக்கொள்வீர்களா?" என்றாள். பக்கத்து வீட்டார் யாரும் இல்லையா என்று கேட்டேன். "அவர்கள் மறந்துவிடுவார்கள் சாமி. நீங்கள் மறக்க மாட்டீர்கள்" என்று பதில் வந்தது. ஒரு குழந்தை இவ்வாறு சொல்லும்போது மறுக்கும் மனவலிமை எந்தக் குருவுக்கு உண்டு?

மறுநாள் திங்கட்கிழமை. காலைத் திருப்பலி முடிந்து வருமுன்னரே ஆட்டோ ஒன்றில் கண்ணாடித் தொட்டி வந்து இறங்கிவிட்டது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறத்தாழ 50 லிட்டர் நீர் பிடிக்கும். அதனோடு மூடியிட்ட நான்கு வாளிகளும் வந்தன. அவற்றில் இருந்தது என்னவென்று நினைக்கிறீர்கள்? தொட்டியிலிருந்து இறைத்த பழைய தண்ணீர்! நம் ஊரில் தண்ணீருக்குத் தட்டுப்பாடுதான். எனினும் மீன் கழிவு கலந்த நீரை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவரும் அளவுக்குத் தட்டுப்பாடு வந்துவிடவில்லையே என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிறுமி சிரிக்கவில்லை. பைக்குள்ளிருந்து நோட்டுப் புத்தகத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். நான்கு வரிகள், பென்சிலால்:

"காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை. கேட்டாலும் அதற்கு மேல் போடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளித் தண்ணீர் மட்டும் மாற்ற வேண்டும். அதை முதல் நாளே பிடித்து வைக்க வேண்டும்.

பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது.

மோட்டாரை நிறுத்தக் கூடாது."

மீன்கள் இரண்டு. செம்பொன் நிறத்தில், வாலில் மட்டும் வெள்ளைத் தீற்றல் கொண்டது ராணி. உடல் முழுவதும் ஒரே நிறமாய், சற்றுப் பருத்து, எப்போதும் ஒரு மூலையில் நின்று ஆலோசனை செய்வது போல் வாயைத் திறந்து மூடுவது மந்திரி. தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஐம்பது வயதைக் கடந்து, மூன்று பங்குகளையும் ஒரு மாணவர் விடுதியையும் நிருவகித்தவனுக்கு இரண்டு மீன்களை நிருவகிக்கத் தெரியாதா என்பது அன்றைய என் எண்ணம்.

முதல் மூன்று நாட்கள் இன்பமாகவே கழிந்தன. மதிய உணவுக்குப் பின் தொட்டியருகே நாற்காலியைப் போட்டு அமர்ந்துவிடுவேன். நான் அருகில் சென்றதும் இரண்டும் மேலே வந்து வாயைத் திறக்கும். பசியால் வாடுகின்றனவே என்று எண்ணி இன்னொரு சிட்டிகை இடுவேன், தின்றுவிட்டு மறுபடியும் கேட்கும், மறுபடியும் இடுவேன். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது என்பதைப் பின்னரே அறிந்தேன். தொண்டையிலுள்ள பற்களால் அரைத்து, நேரே குடலுக்கு அனுப்பிவிடுகிறது. வயிறு நிறைந்தது என்று நிறுத்திக்கொள்ளும் வழக்கம் அதற்கு இல்லை. கேட்டாலும் போடக் கூடாது என்று சிறுமி எழுதியதை, பத்து வயதுக் குழந்தையின் சிக்கனம் என்று நான் கருதினேன்.

வியாழக்கிழமை காலை தொட்டியைப் பார்த்தேன். கண்ணாடியில் பாசி, கற்களின் இடுக்கில் தின்னாத தீனி, மூலையில் இருந்த வடிகட்டிப் பஞ்சோ அடுப்புக்கரி போல் கறுத்திருந்தது. விருந்தினராய் வந்தவர்களை இத்தகைய அழுக்கில் வைத்திருப்பதா? அன்று பிற்பகல் அலுவல் ஏதும் இல்லை. அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டினேன். மீன்கள் இரண்டையும் ஒரு குவளையில் விட்டு, தொட்டி நீரை ஒரு துளி விடாமல் தோட்டத்துக்கு இறைத்தேன். கண்ணாடியைத் தேய்த்தேன். கற்களைச் சல்லடையிலிட்டு அலசினேன். பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, அது வாங்கிய நாளில் இருந்த நீல நிறம் தெரியும்வரை கழுவினேன். பின்னர்க் குழாயிலிருந்து நேரே நீரைப் பிடித்துத் தொட்டியை நிரப்பினேன். அவ்வாரம் எங்கள் தெருவில் குழாய் உடைந்து சீர்செய்யப்பட்டிருந்தது. நீரில் குளோரின் நெடி சற்று அதிகமாகவே இருந்தது. மனிதர் குடிப்பதற்கென்றே தூய்மை செய்த நீராயிற்றே, மீனுக்கு ஆகாதா என்று எண்ணினேன். வேலை முடிந்து நிமிர்ந்தபோது தொட்டி பளிங்குப் பேழை போல் மின்னியது. மோட்டாரை மறுபடி இயக்க நினைவு வந்தது இரவு உணவின்போதுதான்.

அப்போதே மீன்கள் இரண்டும் நீர்மட்டத்தில் வாயை வைத்து, மேல் காற்றை விழுங்குவது போல் தவித்துக்கொண்டிருந்தன. புது இடம், பழகிவிடும் என்றார் சமையற்காரர். அதை நம்ப விரும்பினேன், நம்பினேன், உறங்கச் சென்றேன். அதிகாலை நான்கரை மணிக்கு விளக்கைப் போட்டபோது ராணி பக்கவாட்டில் மிதந்துகொண்டிருந்தது. மந்திரி அடித்தளத்தில் சாய்ந்து, செவுள்களை விரைவாக அடித்துக்கொண்டு கிடந்தது. தங்கமீனுக்கு இமைகள் இல்லை. இறந்த பின்னும் அது நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அன்று காலைத் திருப்பலியில் வாசகத்தைத் தவறான பக்கத்தில் திறந்தேன் என்று உபதேசியார் பிறகு சொன்னார்.

காப்பியைக் கொண்டுவந்து வைத்த சமையற்காரர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "இதே மாதிரி ஒன்று வாங்கி விட்டுவிட்டால் போயிற்று. பாப்பாவுக்கு என்ன தெரியப் போகிறது சாமி?" என்றார்.

அவரை நான் கடிந்துகொண்டேன் என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் நான் கடிந்துகொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, பேருந்து நிலையத்துக்குப் பின்னாலுள்ள வண்ணமீன் கடைக்கு நடந்தேன். மந்திரிக்கு மருந்து கேட்கப் போவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைக்குள் நுழைந்ததும் என் கண்கள் தேடியது மருந்தை அன்று. வாலில் வெள்ளைத் தீற்றல் உள்ள ஒரு மீனை.

கடைக்காரர் ஓர் இசுலாமியப் பெரியவர். வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூரில் பல ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, சொந்த ஊரில் கடை வைத்தவர். நூறு மீன்கள் நீந்திய தொட்டியில் ராணியின் உடன்பிறப்பு போன்ற ஒன்றை நான் சுட்டிக்காட்டினேன். வலையை எடுத்தவர் நிறுத்தி, "எந்தத் தொட்டியில் விடப் போகிறீர்கள் ஃபாதர்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். வலையைக் கீழே வைத்துவிட்டார். "இதை இப்போது அங்கே விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இதுவும் போய்விடும்" என்றார். பின்பு முக்காலியொன்றை என் பக்கம் தள்ளிவிட்டு, குருமடத்தில் எந்தப் பேராசிரியரும் எனக்குக் கற்பித்திராத பாடமொன்றை நடத்தினார்.

மீன் தன் செவுள்களின் வழியாகவும் கழிவின் வழியாகவும் அம்மோனியாவை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அதுவே உண்டாகிறது. ஆற்றிலும் குளத்திலும் அது பரந்த நீரில் கலந்து போய்விடும். கண்ணாடித் தொட்டியில் எங்கே போகும்? அது கண்ணுக்குத் தெரியாது. நீர் பளிங்கு போல் இருக்கும்போதே அம்மோனியா மீனைக் கொல்லும் அளவுக்கு ஏறியிருக்கலாம். அதிலிருந்து மீனைக் காப்பவை ஒருவகை நுண்ணுயிர்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் மீனுக்கு நஞ்சே. இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இது அவ்வளவாகத் தீங்கு செய்யாது. வாரம் ஒரு வாளி நீரை மாற்றினால் நைட்ரேட்டும் குறைந்துவிடும். இந்நுண்ணுயிர்கள் நீரில் மிதப்பவை அல்ல. கற்களிலும் கண்ணாடியிலும் எல்லாவற்றுக்கும் மேலாக வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. புதுத் தொட்டியில் அவை பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

"அந்தக் கறுப்புப் பஞ்சுதான் தொட்டியின் உயிர் ஃபாதர். அதையல்லவா கழுவிவிட்டீர்கள்?" என்றார் பெரியவர்.

குளோரினைப் பற்றியும் அவரே சொன்னார். நுண்ணுயிர்களைக் கொல்வதற்கென்றே குடிநீரில் கலக்கப்படுவது அது. நம் வீட்டுக் குழாயை வந்தடையும் நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நமக்கு அது காவல். மீனின் மெல்லிய செவுள்களுக்கோ அதனினும் குறைந்த அளவே எரிபுண். நோய்க் கிருமியையும் தொட்டியைக் காக்கும் கிருமியையும் அது பிரித்தறிவதும் இல்லை. நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும். அவசரமெனில் சோடியம் தயோசல்பேட் படிகம் சிறிது இடலாம். பெயரைக் கேட்டு மருளாதீர்கள். முன்னாளில் புகைப்பட நிலையங்களில் இருட்டறையில் வைத்திருந்த 'ஹைப்போ'தான் அது. என் வயதினர் பலரும் அறிந்த பொருள்.

இன்னும் ஒன்று சேர்ந்துகொண்டது. மே மாத வெயிலில் நீர் சூடேறும். சூடேறிய நீரில் உயிர்க்காற்று குறைவாகவே கரையும். சூட்டில் அம்மோனியாவின் நச்சும் கடுமையாகும். நானோ அந்தப் பிற்பகலில் மோட்டாரையும் நிறுத்தி வைத்திருந்தேன். ஆக, தாளில் இருந்த நான்கு வரிகளில் நான் மீறாத வரி ஒன்றேனும் உண்டா என்று முக்காலியில் அமர்ந்தபடி எண்ணிப் பார்த்தேன். இல்லை.

மீன் விலை ஐம்பது ரூபாயை நான் ஏற்கெனவே கையில் எடுத்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாகப் படிகப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார் பெரியவர். தம் பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த கறுத்த பஞ்சு ஒன்றை உருவி, அதே தொட்டி நீரோடு நெகிழிப் பையில் கட்டியும் தந்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இரண்டு நாள் தீனி கூடாது. நாள்தோறும் கால் பங்கு நீரை மட்டும், குளோரின் நீக்கிய பிறகு மாற்ற வேண்டும். மோட்டார் இரவும் பகலும் ஓட வேண்டும் என்றார். நான்கு வாளிப் பழைய நீரைப் பார்த்துச் சிரித்தவன், ஒரு பிடி அழுக்குப் பஞ்சைத் திருப்பண்டம் போல் இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு கடைத்தெரு வழியே நடந்தேன். எதிர்ப்பட்டவர்கள் வணக்கம் சொன்னார்கள். என்னால் கைகூப்ப இயலவில்லை.

மந்திரி வெள்ளியன்று முழுவதும் கிடந்தது. சனியன்று காலை எழுந்து நின்றது. அன்று மாலை தொலைபேசி ஒலித்தது, சிறுமியின் தந்தை. "மீன்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்கிறாள் சாமி."

"மந்திரி நன்றாக இருக்கிறது என்று சொல்லுங்கள்" என்றேன்.

பொய் சொல்லாமலே உண்மையை மறைக்கும் சொல்வகை பற்றி, குருமடத்தின் ஒழுக்கவியல் வகுப்பில் நாங்கள் பல மணி நேரம் வாதிட்டதுண்டு. எந்தச் சூழலில் அது தகும், எதில் தகாது என்பதற்கெல்லாம் அப்போது எடுத்துக்காட்டுகள் கொடுத்தார்கள். தங்கமீன் அவற்றுள் இல்லை. தொலைபேசியை வைத்தபின் அந்த அறையில் இருக்கப் பிடிக்காமல் கோயில் வளாகத்தை நான்கு முறை சுற்றிவந்தேன்.

மீதி நாட்களில் தங்கமீனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். காலம் கடந்த கல்விதான். இது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீன தேசத்தில் சாம்பல் நிறக் கெண்டைகளிடையே எப்போதேனும் தோன்றும் செம்பொன் நிறக் குஞ்சுகளைப் பிரித்தெடுத்து வளர்க்கத் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. சோங் அரசர்கள் காலத்திலேயே (960–1279) அரண்மனைக் குளங்களில் அது விளையாடியது. அங்கிருந்து சப்பான் சென்று, 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. சில திங்களில் மாண்டுபோகும் பொம்மை என்றே நம்மில் பலர் இதைக் கருதுகிறோம். இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டு சந்தை விளையாட்டொன்றில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று, 1999ஆம் ஆண்டு வரை, அதாவது 43 ஆண்டுகள் வாழ்ந்தது. சில திங்களில் மாள்வது மீனின் இயல்பன்று. பெரும்பாலும் நம்முடைய கைவண்ணமே. நம் வீட்டு வரவேற்பறைகளில் அழகுக்கு வைக்கும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் நீரும் குறைவு, காற்றுப்படும் பரப்பும் குறைவு, வடிகட்டி வைக்க இடமும் இல்லை. உரோமை நகராட்சி 2005ஆம் ஆண்டிலேயே அத்தகைய கிண்ணங்களில் மீன் வளர்ப்பதைத் தடைசெய்துவிட்டது.

படித்தவற்றுள் என்னை மிகவும் துன்புறுத்தியது வேறொன்று. குளிர்நாடுகளில் ஏரி உறைந்து, பனிப்பாளத்தின் அடியில் உயிர்க்காற்றே இல்லாமற் போகும் வேளையிலும் தங்கமீன் சாவதில்லை. பிற உயிர்களாயின் உடலில் அமிலம் தேங்கி மாளும்; இதுவோ அந்த அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுகிறது. இதன் நுட்பத்தை ஆஸ்லோ, லிவர்பூல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் விளக்கினார்கள். (எங்கள் மதுவிலக்குச் சபைத் தலைவரிடம் இதைச் சொன்னபோது அவர் மகிழவில்லை.) பனிக்கட்டிக்கு அடியில் பிழைத்திருக்கும் ஆற்றல் பெற்ற உயிரினம், என் பங்கு இல்லத்தில் ஓர் இரவுகூடப் பிழைக்கவில்லை.

புதன்கிழமை மாலை அவர்கள் வந்தார்கள். பாட்டி கொடுத்தனுப்பிய முறுக்குப் பொட்டலத்தைச் சிறுமி என்னிடம் நீட்டினாள். அதைக் கையில் வைத்துக்கொண்டே, அவள் தொட்டியிடம் போகுமுன், "ராணி இறந்துவிட்டது. நான்தான் காரணம். தொட்டியைக் கழுவினேன், பஞ்சையும் கழுவிவிட்டேன்" என்றேன். உண்மையைச் சொன்னேனே என்று பெருமை கொள்ள எனக்கு வழியில்லை. கடைக்காரர் வலையைக் கீழே வைத்திராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும்.

தந்தை பதறிப்போய், "அதனால் என்ன சாமி, மீன்தானே" என்று குறுக்கிட்டார். சிறுமி அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்து, "நான் எழுதிக் கொடுத்தேனே சாமி" என்றாள்.

அவ்வளவுதான். அழவில்லை. "ஆம், எழுதிக் கொடுத்தாய். நான் அதன்படி செய்யவில்லை" என்றேன். அவள் தொட்டியின் முன் முழந்தாளிட்டு, மந்திரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு எழுந்து, ராணியை எங்கே போட்டீர்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. அன்று காலை சமையற்காரரிடம் 'அப்புறப்படுத்துங்கள்' என்றதோடு என் பணி முடிந்துவிட்டதாக இருந்துவிட்டேன். நான் விழிப்பதைக் கண்ட அவர், "மாதுளைச் செடிக்கு அடியில் பாப்பா, வா காட்டுகிறேன்" என்று அவளைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். புதுமைதான், குப்பையில் எறிந்திருப்பார் என்றே நான் எண்ணியிருந்தேன்.

தொட்டி வீடு திரும்பியது, நான்கு வாளி நீரோடு. இம்முறை வாளிகளைத் தூக்கி வைத்தவர்களுள் நானும் ஒருவன். இதை வைத்து ஒரு மறையுரை ஆற்றலாமே என்றார் உதவிப் பங்குத்தந்தை. அந்தப் பிள்ளை முதல் வரிசையில் அமர்வாள் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். அடுத்த இரண்டு ஞாயிறுகளில் அவள் மறைக்கல்வி வகுப்பில் கேள்வி ஏதும் கேட்கவில்லை. மூன்றாம் ஞாயிறு கேட்டாள், கடினமான கேள்வி, எனக்கு அது பெரிய ஆறுதலாயிருந்தது.

சென்ற டிசம்பரில், கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், அரையாண்டு விடுமுறைக்கு அவர்கள் ஊருக்குப் புறப்படும் வேளையில் பங்கு இல்லத்தின் வாயிலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. தொட்டி, வாளிகள், மந்திரி. மந்திரியோடு புதிதாய் ஒரு சிறு வெண்மீன். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லையாம். நான் வாயடைத்து நின்றேன். சிறுமி பைக்குள்ளிருந்து தாளை எடுத்தாள். அதே நான்கு வரிகள்; இம்முறை பேனாவால். அவற்றின் கீழே புதிதாக ஐந்தாவது வரி ஒன்று: "மேலே உள்ளதை முழுவதும் படித்தேன்." அதற்குக் கீழே ஒரு கோடு.

"இங்கே கையெழுத்துப் போடுங்கள் சாமி" என்றாள்.

மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நான்கு வரிகளையும் அவள் எதிரிலேயே ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு, கையெழுத்திட்டேன்.